நெருப்புக்கோழி விழுங்கிய கண்மலர்

மதினி,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பண்ணைக்குப் போனாள். எங்கே போகிறோம் என்று கடைசிவரை சொல்லவில்லை. இறங்கியதும் வாசலில் ஒரு பலகை. 'நகை, பொத்தான், சாவி, மூக்குக்கண்ணாடி கவனம். நெருப்புக்கோழி விழுங்கிவிடும்.' அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் டிக்கெட் கிழிக்கிறவர் திரும்பிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எப்போது அழுகை வந்தது என்று தெரியவில்லை.

"என்னாச்சு அத்தை? வெயில் தாங்கலையா?" என்று உங்கள் மகள் தோளைப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்லடி. இந்தப் பலகைய அறுபது வருசத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்கணும்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எப்படிப் புரியும்? நீங்களும் நானும் ஒரு ராவுத்தரும் தவிர இந்த விஷயம் யாருக்கும் தெரியாது. இப்போது மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதான். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாழவந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலை உத்தரவு வருமா வருமா என்று தபால்காரரை வெறித்துக்கொண்டிருந்தேன். நாலு வயது மூத்தவர் என்பதற்காக உங்களை 'நீங்க' என்றேனே தவிர, உங்களை வம்புக்கு இழுக்காத நாள் கிடையாது. அந்த வம்பையெல்லாம் நிறுத்த வைத்தது உங்கள் கண்தான்.

முதலில் பொழுது இறங்கினால் உங்களுக்குத் தெரியவில்லை. மாலைக்கண் என்றார்கள். பொன்னாங்கண்ணியும் ஆட்டு ஈரலுமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்புறம் பகலிலேயே பக்கவாட்டில் இருப்பது மறைய ஆரம்பித்தது. பக்கத்தில் நிற்கிற என்மேல் முட்டிக்கொள்வீர்கள்; நேர் எதிரே கம்மாய்க்கரையில் மேய்கிற ஆட்டை எண்ணிச் சொல்வீர்கள். உங்களுக்கு எப்படித்தான் தெரிகிறது என்று ஒரு நாள் கேட்டேன். கையிலிருந்த கண்ணாடி வளையலைக் கழற்றி என் கண் முன்னால் பிடித்தீர்கள். "இந்தா, இம்புட்டுத்தான். இதுக்குள்ள விழுறது பளிச்சுன்னு தெரியிது. மத்ததெல்லாம் இல்ல" என்றீர்கள். இருட்டாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லை என்றீர்கள். திருச்சியில் பார்த்த டாக்டர், பார்வை போகப் போகக் குறையும் என்று மட்டும் சொல்லிவிட்டார்.

என்னைப் பெற்ற ஆத்தா கெட்டவள் இல்லை, பயந்தவள். பயந்தவர்கள் பேசுகிற பேச்சு சில சமயம் கெட்டவர்கள் பேச்சையும் மிஞ்சிவிடும். விராலிமலை முருகனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துவதாக அவள் நேர்ந்துகொண்டாள். அந்தக் கையோடு அடுக்களையில் என்னிடம், "தை வரைக்கும் பாப்பம். மலையான் கண்ணத் தொறக்கலேன்னா அவள அவ ஆத்தா வீட்டுல விட்டுட்டு, ஒங்கண்ணனுக்கு வேற எடம் பாக்க வேண்டியதுதான்" என்றாள். நீங்கள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தீர்கள். கண் குறையக் குறைய உங்களுக்குக் காது கூர்மையாகிக்கொண்டு வந்தது ஆத்தாவுக்குத் தெரியாது. கொடியில் போட்ட சேலையை எடுத்து மறுபடி உதறி மறுபடி போட்டீர்கள். நான் பார்த்தேன்.

நீங்கள் சின்ன வயதில் போட்டிருந்த கொலுசை உருக்கி, புதுக்கோட்டை ஆசாரி ஒருவர் அந்தக் கண்மலரை அடித்துக் கொடுத்தார். இரண்டு விரல் அகலத் தகட்டில், ஒட்டிய மாதிரி இரண்டு கண். இமைமயிர்கூடத் தெரியும்படி கொத்தியிருந்தார். ஆத்தா அதை மஞ்சள் துணியில் முடிந்து, உங்கள் தலையை மூன்று சுற்றுச் சுற்றிக் கையில் கொடுத்தாள். அண்ணனுக்குக் கடலை பிடுங்குகிற நேரம், வர முடியாது. பஸ் ஏறி இறங்கத் தெரிந்தவள் என்று என்னைத் துணைக்கு அனுப்பினாள். "வழியில எங்கிட்டும் எறங்கக் கூடாது. யாரு வீட்டுலயும் தண்ணி வாங்கிக் குடிக்கக் கூடாது. சாமி பொருளு, நேரா மலைக்குத்தான் போகணும்" என்று திருவரங்குளம் ரோடு வரைக்கும் வந்து சொன்னாள்.

நேராகப் போனோமா? புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"மதினி, குளத்தூர் பக்கம் ஒரு ராவுத்தர் நெருப்புக்கோழிப் பண்ணை வச்சிருக்காராம். ஆள் ஒசரத்துக்கு மேல நிக்குமாம். அடுப்புத் தணல அள்ளிப் போட்டா அப்படியே திங்குமாம். பாத்துட்டுப் போவமா?"

"அத்தை நேரால்ல போகச் சொன்னாங்க."

"இங்கிட்டுச் சுத்திப் போனாலும் அங்கிட்டுத்தான் போய்ச் சேருவோம். முருகனே ஒரு மாம்பழத்துக்கு ஒலகத்தச் சுத்துனவருதானே? நாம குளத்தூரச் சுத்துனா கோவிச்சுக்கவா போறாரு?"

நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மஞ்சள் முடிச்சைத் தடவிக்கொண்டே, "தெரியிறப்பவே பாத்துருவோம், வா" என்றீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு விளையாட்டுப் புத்தியெல்லாம் போய்விட்டது. ஆனாலும் உங்கள் கையைப் பிடித்து குளத்தூர் பஸ்ஸில் ஏற்றினேன்.

மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போன நம் பக்கத்து ஆட்கள் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தார்கள். அந்த ராவுத்தர் ஆப்பிரிக்காவின் தெற்குக் கோடியில், வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் தொப்பிக்கு இறகு எடுக்கிற பண்ணையில் வெகுகாலம் கணக்கப்பிள்ளையாக இருந்துவிட்டு, கப்பலில் ஒரு கூடைக் குஞ்சுகளோடு வந்து இறங்கியவர். பிழைத்தவை நாலு. ஒரு சேவல், மூன்று பெட்டை. கருவேலங்கம்பு நட்டு, குறுக்கே பனைமட்டை வைத்துக் கட்டிய பெரிய வேலிக்குள் அவை இருந்தன. வெள்ளைத் தாடியும் தலையில் தொப்பியுமாக ராவுத்தர் அகத்திக்கீரையை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் போய் நின்றதும், "வாங்க ஆத்தா. தணல் போடச் சொல்லி மட்டும் கேக்காதீங்க. அதெல்லாம் ஊரு கட்டிவிட்ட கதை. இதுகளும் எலை தழைதான் திங்கிதுங்க" என்றார். எனக்குப் பெருத்த ஏமாற்றம்.

அப்புறம் அந்தச் சேவல் திரும்பியது.

இத்தனை வருஷம் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எவ்வளவோ விளக்கியிருக்கிறேன். அந்தப் பறவையை முதன்முதலாகப் பார்த்த அந்த நிமிஷத்தை என்னால் இன்றைக்கும் விளக்க முடியவில்லை. பறவை என்றால் நான் அண்ணாந்து பார்ப்பது மரத்தையோ வானத்தையோதான். தரையில் நிற்கிற பறவையை அண்ணாந்து பார்த்தது அன்றைக்குத்தான். கறுப்பு உடம்பு, ஓரத்தில் வெள்ளை இறகு, அதற்கு மேலே கழுத்து போய்க்கொண்டே இருந்தது. ஏதோ சத்தம் கேட்டு அது வேலியோரமாக ஓட ஆரம்பித்ததும் கால்கள் எனக்குத் தெரியவேயில்லை. தரை அதிர்ந்தது. "யாத்தே!" என்று கத்திவிட்டு, உங்களை மறந்து நான் நாலடி பின்னால் போய்விட்டேன். இப்படி ஒன்றைப் படைத்து எங்கோ ஒரு கோடியில் ஓடவிட்டுவிட்டு, நம்மை இங்கே கோழியும் கொக்குமாகப் பார்க்க வைத்திருக்கிறானே என்று ஆண்டவன்மேல் கோபமும் கும்பிடும் ஒன்றாக வந்தது.

உங்களுக்கு ஓடுகிற பறவை தெரியவில்லை. உங்கள் வளையலுக்குள் அது அகப்படவில்லை. "எங்க? எங்கிட்டு?" என்று தலையைத் திருப்பித் திருப்பித் தேடினீர்கள். ராவுத்தருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஒரு கொத்து அகத்தியை வேலிக்கம்பில் செருகி அந்தச் சேவலை உங்கள் முன்னால் வரவழைத்து நிறுத்தினார்.

நீங்கள் காலிலிருந்து ஆரம்பித்தீர்கள்.

"ரெண்டே வெரலு" என்றீர்கள். "ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. பெருசுல மட்டும் நகம். தொடையில முடி இல்ல, சும்மா உரிச்ச மாதிரி இருக்கு. ஐயோ, இந்த எறகப் பாரேன், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியாக் காத்துல ஆடுது!" வளையல் வளையலாக மேலே ஏறினீர்கள். நான் ஒரே பார்வையில் பார்த்து முடித்தவள். அந்த இரண்டு விரலை நான் பார்க்கவேயில்லை மதினி. நீங்கள் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன். கழுத்து வழியாக ஏறி நீங்கள் அதன் கண்ணுக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆனது. சேர்ந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

"கண்ணு தெரியிதா?" என்றேன்.

"தூரமா இருக்கு. இன்னுங் கொஞ்சம் கிட்ட வந்தா நல்லாப் பாப்பேன்."

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி நான் உங்களிடம் பொய் சொன்னேன். இப்போது உள்ளதை எழுதுகிறேன். மஞ்சள் முடிச்சை என்னிடம் பிடிக்கக் கொடுத்திருந்தீர்கள். முடிச்சு தானாக அவிழவில்லை, நான்தான் அவிழ்த்தேன். தகட்டை மினுக்கிக் காட்டினால் அது தலையை நீட்டும், நீங்கள் அந்தக் கண்ணை நன்றாகப் பார்ப்பீர்கள் என்று கணக்குப் போட்டேன். பயம் இல்லையா என்றால், இல்லை. இது மயிலுக்குப் பெரியப்பன் முறை வேண்டும், முருகன் வாகனத்துக்கு உறவுக்காரன் முருகன் பொருளைத் தொடமாட்டான் என்று மனதார நம்பினேன். டிரெயினிங் முடித்த டீச்சர்!

தகட்டை உங்கள் தோளுக்குப் பக்கத்தில் நீட்டினேன். வெயில் பட்டு மின்னியது. கழுத்து இறங்கி வந்தது. உங்கள் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் அந்தக் கண் வந்து நின்றது. கரிய கண், கதவுக்குமிழ் அளவு, மேலே நீள நீளமாக இமைமயிர். "ஆத்தாடி" என்று மூச்சே இல்லாமல் சொன்னீர்கள். "அதுக்குள்ள நாம ரெண்டு பேரும் தெரியிறோம். வேலி, வானம், மரம், அம்புட்டும் தெரியிது. எல்லாத்தையும் ஒண்ணாப் பாத்து எம்புட்டு நாளாச்சு!" அந்தச் சந்தோஷத்தில் நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரலில் ஒரு வெடுக்கு. தகட்டைக் காணோம்.

கழுத்தில் ஒரு புடைப்பு இறங்கியது. நிதானமாக, சுற்றி வளைந்து, அவ்வளவு நீளக் கழுத்தில் அது இறங்கிக்கொண்டே இருந்தது. அதுதான் உங்கள் கண் என்று தெரிந்தே நீங்கள் அதை அடிவரைக்கும் பார்த்தீர்கள்.

"முடிச்சு அவுந்துருச்சு மதினி, கைதவறிருச்சு" என்று நான் உளறினேன்.

ராவுத்தர் ஓடிவந்தார். விஷயம் கேட்டதும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அதன் வயிற்றில் கூழாங்கல்லும் ஆணியும் தன் சட்டைப் பொத்தானும் கிடப்பதாகவும், உள்ளே போனது வெளியே வராது என்றும் சொன்னார். பிறகு எழுந்து, தாடியைத் தடவிக்கொண்டு, "சாமிக்குன்னு வச்ச பொருளு ஆத்தா. அது எங்கிட்ட இருக்கக் கூடாது. சொல்லுங்க, இப்பவே அறுத்து எடுத்துத் தாரேன்" என்றார். சொன்ன மனிதர் அந்தப் பறவை பக்கம் திரும்பவேயில்லை.

அறுக்கச் சொல்லுங்கள் என்றுதான் என் மனது அடித்துக்கொண்டது. சாமி பொருள் வழியில் தொலைந்தது என்று ஆத்தா காதில் விழுந்தால் அதுவே சகுனமாகிவிடும். தை வரைக்கும்கூடக் காத்திருக்கமாட்டாள். உங்கள் கண்ணும் வாழ்க்கையும் அந்தப் பறவையின் வயிற்றில் இருந்தன. அது எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

"வேணாங்க" என்றீர்கள். "அது கண்ண மூடிட்டு எங் கண்ணத் தொறந்துவிடுன்னு மலையான்ட்ட எந்த மூஞ்சிய வச்சுக் கேப்பேன்?"

ராவுத்தர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவரே வண்டி பூட்டி எங்களை மெயின் ரோடு வரை கொண்டுவந்து விட்டார். நாங்கள் இறங்கும்போது, "அது இருக்க வரைக்கும் நல்லா வச்சுக்குவேன் ஆத்தா" என்றார்.

விராலிமலையில் உங்கள் கையைப் பிடித்துப் படி ஏற்றினேன். மயில்கள் குறுக்கே போயின. எனக்கு அவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நீங்கள் காலி மஞ்சள் துணியைச் சந்நிதி முன்னால் விரித்து வைத்துக் கும்பிட்டீர்கள். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் வேண்டல. நடந்ததச் சொன்னேன்" என்றீர்கள். வீட்டில் ஆத்தா வாசலிலேயே நின்றாள். "குடுத்துட்டியாத்தா?" என்றாள். "குடுத்துட்டேன் அத்தை" என்றீர்கள். அடுக்களைக்குப் போனதும் நான் உங்களை முறைத்தேன். "யாருக்குக் குடுத்தேன்னு அவங்க கேக்கலையே" என்று என் காதைத் திருகினீர்கள். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அழாமல் இருந்தவள் அப்போதுதான் உட்கார்ந்து அழுதேன்.

முருகன் உங்கள் கண்ணைத் திறக்கவில்லை. தை வந்தது. ஆத்தா பேச்சை எடுத்தாள். அண்ணன் அன்றைக்கு, தண்ணீர் இறைக்கிற கமலைக் கயிறு ஒன்றை எடுத்துப் பின்வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் இடுப்பு உயரத்தில் கட்டினார், நீங்கள் பிடித்து நடக்க. கட்டி முடித்துவிட்டு, "இனி அந்தப் பேச்சு இந்த வீட்டுல வேணாம்" என்றார். ஆத்தா அதற்குப் பிறகு அதை எடுக்கவில்லை. கடைசிக் காலத்தில் உங்கள் கையால்தான் கஞ்சி குடித்தாள்.

உங்கள் மகள் பிறந்தபோது வளையல் மோதிரமாகியிருந்தது. அந்த மோதிரத்துக்குள் அவள் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்த்து, "மூக்கப் பாத்துட்டேன், நாடியப் பாத்துட்டேன், சேத்து வச்சுக்கிட்டேன்" என்பீர்கள். பிறகு அது ஊசிக்காது. பிறகு அதுவும் இல்லை. நான் வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, லீவுக்கு லீவு வரும்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "சொல்லு" என்பீர்கள். பஸ்ஸில் பார்த்தது, ரோட்டில் பார்த்தது எல்லாம் சொல்ல வேண்டும். அவசரமாகச் சொன்னால் விடமாட்டீர்கள். "காலுலேருந்து ஆரம்பி. மொத்தமாப் பாத்தா நீ ஒண்ணுமே பாக்க மாட்டே" என்பீர்கள். சில சமயம் பேசிக்கொண்டே இருக்கையில், "எங் கண்ணு இப்ப எங்க ஓடுதோ" என்று சிரிப்பீர்கள். எனக்கு மட்டும்தான் அது புரியும். புரிந்து, உள்ளுக்குள் குன்றிப்போவேன். நீட்டியது நான். அந்தக் கண்மலர் மலைக்குப் போயிருந்தால் பார்வை தங்கியிருக்குமோ? டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. படித்தவள்தான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவேயில்லை.

நீங்கள் போவதற்கு முந்தின மாசம்தான் வாயைத் திறந்தேன். "மதினி, அன்னைக்கு அந்த முடிச்சு..." என்று ஆரம்பித்ததும் என் கையைத் தேடிப் பிடித்தீர்கள்.

"தெரியும்டி. அது கண்ணுக்குள்ளதான் எல்லாந் தெரிஞ்சுச்சே. ஒங் கை நீண்டதையும் பாத்தேன்."

"பாத்துட்டா சும்மா நின்னீங்க? கையத் தட்டிவிட்டிருக்கலாம்ல?"

"தட்டிவிட்டா அது தலையத் தூக்கிருமே" என்றீர்கள். "இன்னும் ஒரு நிமிசம் பாத்துக்கிர்றேன்னு நின்னேன்."

இத்தனை வருஷம் என் குற்றம் என்று நான் சுமந்ததை நீங்கள் உங்கள் ஆசை என்று வைத்திருந்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று சண்டை போட்டேன். "நீ கேட்டாத்தானே" என்று சிரித்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பண்ணையில் கம்பி வலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன் மதினி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தேன். உங்களிடம் படித்த புத்தி அது மட்டும்தான் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். வலது கை விரல்களை வளையலாக மடக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, உரக்கவே ஆரம்பித்தேன். "ரெண்டு வெரலு. பெருசுல நகம். தொடை உரிச்ச மாதிரி..."

"யார்ட்ட அத்தை பேசுறீங்க?" என்றாள் உங்கள் மகள்.

"ஒங்க ஆத்தாட்ட. குறுக்க பேசாத, இன்னும் கழுத்துக்கே வரல" என்றேன்.

அவள் என்னை ஒட்டி நின்றுகொண்டாள். கழுத்து வழியாக ஏறினேன். அது குனிந்து வந்தது. அந்தக் கரிய கண்ணுக்குள் வானமும் கம்பி வலையும் தெரிந்தன. ஒரு கிழவியும் தெரிந்தாள். அவளுக்குப் பக்கத்தில், நீங்கள் துண்டு துண்டாகப் பார்த்துச் சேர்த்து வைத்த அந்த முகம். மொத்தமாகத் தெரிந்தது மதினி. நாடி, மூக்கு, எல்லாம் ஒன்றாக. அதையும் உங்களுக்குச் சொன்னேன்.